கோகிலாவும் கம்பளிப்பூச்சியும்

எல்லைப்புற நவீன இலக்கிய சபை என்று சித்தூரில் ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கும், அந்த மாதிரி அமைப்புகளுக்குச் சாவு கிடையாது. ஆந்திர ராஜ்யம் பிறந்து மூன்றாவது ஆடி மாதம் அது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று தீர்த்து வைக்கப் பெரியவர் ஒருவர் வரப்போகிறார், அவரிடம் மகஜர் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பஸ் ஸ்டாண்டில் ஜனத்தொகைக் கணக்கைச் சொல்லிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் சபைக்கு மட்டும் வேறு யோசனை உதித்தது. எல்லைக் கிராமங்களில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் போதாதாம். அவர்கள் நவீன நாவல் படிக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம்.

நான் அந்தச் சபையின் எழுத்தர், வேதாச்சலம். கூட்டத்தில் நடப்பதை மினிட் புத்தகத்தில் எழுதுவதும், சபையின் பொன்னாடையைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் வேலை. பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். விழாவில் போர்த்துவோம், போட்டோ எடுப்போம், கைதட்டல் ஓய்வதற்குள் நான் வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவேன். சபை விதிகளில் பதினான்காவது விதி அது. அதுவரை பதினொரு பேர் தோளில் ஏறி இறங்கியிருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அவர்களும் ஏதாவதொரு சபையில் பொறுப்பில் இருந்தவர்கள்தாமே.

சபைத் தலைவர் வக்கீல் நாகபூஷணம். அந்த வருஷத்தின் சிறந்த நாவலாக அவர் தேர்ந்தெடுத்தது 'கண்ணீர் விளைந்த காணி'. எழுதியவர் கலப்பைநாதன். நிஜப் பெயர் பச்சையப்பன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. கலப்பையைக் காலண்டரில் பார்த்திருப்பார். நாவலின் நாற்பது பிரதிகளை நாற்பது எல்லைக் கிராமங்களுக்கு அனுப்பினோம். ஒவ்வொன்றோடும் ஒன்பது கேள்விகள் அச்சிட்ட வாசகர் அபிப்பிராயப் படிவம் ஒன்று வைத்தோம். முதல் கேள்வி, 'தங்களை ஆட்கொண்ட பாத்திரம் யாது?' கடைசிக் கேள்வி, 'இந்நூலால் தாங்கள் அடைந்த பயன் யாது?'

ஒரு மாதத்தில் ஒரே ஒரு படிவம் திரும்பி வந்தது. மற்ற முப்பத்தொன்பதையும் தலைவரும் செயற்குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பேனாவையும் கையெழுத்தையும் மாற்றி மாற்றி எழுதி முடித்தார்கள். முப்பத்தொன்பது கிராமத்தாரையும் கோகிலா ஆட்கொண்டிருந்தாள். கோகிலா அந்த நாவலின் கதாநாயகி; முதல் பக்கத்தில் அழத் தொடங்குகிறவள்.

நிஜமாக வந்த அந்த ஒரு படிவம் புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மணியம்மா என்பவள் அனுப்பியது. கூலி வேலை செய்கிற குடும்பம். முதியோர் பள்ளியில் இரண்டு வருஷம் படித்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவள். ஒன்பது கேள்விகளையும் விட்டுவிட்டு, படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாள்:

'ஐயா, இந்த புஸ்தகத்தில் ஒருத்தரும் சோறு ஆக்கவில்லை. ஏர் ஓட்டுகிறவன் பாட்டு பாடுகிறான், மாடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. மழை வருகிறபோது அந்தப் பெண் வரப்பில் நின்று அழுகிறது. வறட்டியை யார் எடுத்து உள்ளே போட்டார்கள்? 96ம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடி 1 என்று போட்டுப் பூச்சி சமாசாரம் வருகிறது. 16 வரைக்கும் நன்றாக இருக்கிறது. எழுதினவர் கொல்லையில் இறங்கினவர். அது பாதியில் அறுந்துவிட்டது. மீதியை உடனே அனுப்பவும். பூச்சி முட்டை வைத்துவிட்டது.'

இதை நான் செயற்குழுவில் வாசித்தபோது நாகபூஷணம் கண்களை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் சொற்பொழிவு வரும் என்று அர்த்தம்.

"பூச்சி முட்டை வைத்துவிட்டது! பார்த்தீர்களா? சுரண்டல் சக்தி சமுதாயத்தில் கருக்கொண்டுவிட்டது என்பதை ஒரு பாமரப் பெண் எவ்வளவு குறிப்பாகச் சொல்கிறாள்! நாவல் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது."

செயற்குழு மேஜையைத் தட்டியது. மூன்று மணி நேரம் அந்த முட்டையைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் ஒரு கோழிமுட்டை அளவுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் அதுவரை வரவில்லை; சபையில் வேலை பார்க்கிறவன் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் பிரித்தேன். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கோகிலா கிணற்றடிக்குப் போகிறாள். அடுத்த பக்கம் ஒன்று: 'வேர்க்கடலையைத் தாக்கும் பூச்சிகளுள் கம்பளிப்பூச்சியே மிகக் கொடியது.' அந்துப்பூச்சி எப்போது வரும், இலையின் அடியில் எங்கே முட்டையிடும், புழு எத்தனை நாளில் படையெடுக்கும் என்றெல்லாம் பதினாறு பக்கம். பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி, 'வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டி மருந்துப்பொடி தூவுக. பயிரின் மேல் ஏக்கர் ஒன்றுக்குத் தூவ வேண்டிய பொடியின் அளவு'. அதற்கு எதிர்ப்பக்கம் நூற்றுப்பதின்மூன்று. அதன் முதல் வரி, 'என்று விம்மினாள் கோகிலா.'

வேறொரு துண்டுப் புத்தகத்தின் பதினாறு பக்கம் பைண்டரிடம் மாறிப்போய் இதில் சேர்ந்துவிட்டது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தலைவரிடம் சொன்னேன்.

"வேதாச்சலம், உமக்குப் பழைய ரசனை. தொண்ணூற்றாறுக்குப் பிறகு ஒன்று! காலமே மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இது உத்தி ஐயா, உத்தி! நான் முன்னுரையில் பாராட்டியதே இந்த இடத்தைத்தான்."

முன்னுரை எழுதியபோது புத்தகம் அச்சிலேயே ஏறவில்லை. இருந்தாலும் கலப்பைநாதனுக்குக் கடிதம் போட்டேன். மறு தபாலில் பதில் வந்தது: 'அந்த இடத்தில் நான் செய்த சோதனையை நம் வாசகர்கள் புரிந்துகொள்ள இன்னும் இருபது ஆண்டு ஆகும். அதுவரை பொறுக்கச் சித்தமாயிருக்கிறேன்.'

பொறுக்கச் சித்தமில்லாதவள் மணியம்மா ஒருத்திதான். நாலாம் நாள் பஸ் பிடித்துச் சபைக்கே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும். புத்தகத்தை முந்தானையில் சுற்றி இடுக்கியிருந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"சாமி, இந்த புக்கு உங்க சபாவுல குடுத்ததுதானே? மீதி எங்க சாமி?"

"உள்ளே வாம்மா. எந்த மீதி?"

"பூச்சிக்கு இன்னா அளவு பொடி போடணும்ன்றது. கிராம சேவக்குன்னு வந்தவரு ஒரு மூட்ட பொடி குடுத்துட்டு, அளவெல்லாம் புக்குல போட்டுக்கீது, புக்கு வரும்னு சொல்லிட்டுப் பூட்டாரு. ஆபீசுக்குப் போனா அதிகாரி கேம்ப்புன்றாங்க. இந்த புக்கு வந்துது. பதினாறுல அறுந்துபூட்டுது."

"குத்துமதிப்பாகப் போடக் கூடாதா?"

"போன வருசம் பக்கத்துக் கொல்லக்காரரு அப்பிடித்தான் போட்டாரு. பயிரும் கருகிப்போச்சி, மேஞ்ச ஆடு ரெண்டும் செத்துப்போச்சி." புத்தகத்தை மறு இடுக்குக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க வூட்டுல யாரும் இதுவரைக்கும் சொந்தமா வெதச்சது இல்ல சாமி. ரெட்டியாரு இந்த ஒரு வருசம் ரெண்டு ஏக்கரு வாரத்துக்கு, வெளச்சல்ல பாதி அவருக்குன்னு, வுட்டுக்கீறாரு. மல்லாட்ட, அதான் வேர்க்கடல, தேறினா கொல்லய மறுபடி குடுப்பாரு. தேறலேன்னா நானும் எங்க ஊட்டுக்காரரும் பழையபடி அவரு களத்துலதான் கூலி. முட்ட பொரிஞ்சிடுச்சி. பொடிப்புழுவா இருக்கசொல்லதான் மருந்து கேக்குமாம், இதுலயே போட்டுக்கீது."

நான் பதில் சொல்வதற்குள் நாகபூஷணம் உள்ளிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. நிஜ வாசகர் ஒருவரை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மீதி வேண்டும் என்றா கேட்கிறாள்? இலக்கியத் தாகம் ஐயா! வேதாச்சலம், அலமாரியிலிருந்து நம் ஆறு பரிசு நாவல்களையும் எடுத்துக் கொடும். ஆறு படிவங்களும் கொடும்."

"இதுல பூச்சி சமாசாரம் இருக்குதா சாமி?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கிறதம்மா, தேடிப் படித்தால்" என்றார் தலைவர்.

அவள் அதை நம்பிவிட்டாள். புத்தகம் அச்சிடுகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று முதியோர் பள்ளியில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு நாவலையும் ஒரு வாரத்தில் படித்திருக்கிறாள், பகலில் புழுவைப் பொறுக்கிவிட்டு வந்து. படிவங்கள் வந்தன. இந்த நாட்டில் இத்தனை கவனமாக நாவல் படித்தவர்கள் வேறு யாரும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

'இதில் ஒருத்தர் இருநூறு பக்கம் இருமுகிறார். வேலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒருத்தரும் அழைத்துப் போகவில்லை. அளவு இல்லை.'

'இதில் ஜமீன்தார் மகள் ஏழையை விரும்புகிறாள். ஏழைக்கு வேலை என்ன என்று கடைசி வரை சொல்லவில்லை. அளவு இல்லை.'

'இது என்ன என்று தெரியவில்லை. ஒருத்தர் ஜன்னலிலேயே நிற்கிறார். எழுதினவருக்கு உடம்பு சரியில்லையா? அளவு இல்லை.'

'இதில் எங்களைப் போன்ற சனம் வருகிறது. எல்லாரும் ரொம்ப நல்லவர்கள், பட்டினி கிடந்து சிரிக்கிறார்கள். நாங்கள் அப்படிச் சிரிப்பதில்லை. அளவு இல்லை.'

மற்ற இரண்டுக்கும் 'அளவு இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆறிலும் திரும்பத் திரும்ப வந்த அந்த வார்த்தையைத் தலைவர் மகஜரில் எடுத்துப் போட்டார்: 'எல்லைக் கிராமத்து வாசகி ஒருவர் நம் நாவல்களின் பெருமைக்கு அளவு இல்லை என்று ஆறு முறை கூறியிருக்கிறார்.' அதைச் சுத்தப்பிரதி எடுத்தவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

ஆண்டு விழாவைத் திருப்பதியில் வைத்தோம். சித்தூரில் வைத்தால் உறுப்பினர்கள் வருவதில்லை. திருப்பதி என்றால் மலைக்குப் போய்த் தரிசனமும் ஆகிவிடும் என்று குடும்பத்தோடு வருவார்கள். முன் வரிசையில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை விருந்தினர் எண்ணெய்வித்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசேஷ அதிகாரி வெங்கடரமணன். வேர்க்கடலையைப் பூச்சியிலிருந்து காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர். இலக்கியத்தைக் காப்பாற்றுவது அவருடைய பொழுதுபோக்கு. கலப்பைநாதனுக்கு 'மண்மணி' பட்டம், மணியம்மாவுக்குச் சிறந்த வாசகி விருது. மேடை உயரமாக இருந்ததால் அதிகாரியின் பியூன், ஜீப்பிலிருந்து காகிதம் சுற்றிய இரண்டு பெரிய கட்டுகளைக் கொண்டுவந்து படியாகப் போட்டான். எல்லாரும் அதன்மேல் கால் வைத்துத்தான் ஏறினோம். மணியம்மா மட்டும் ஏறுமுன் பாதத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெங்கடரமணன் பேசினார். எவனோ நாவலில் அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தான். அந்தப் பதினாறு பக்கங்களிலிருந்து அவர் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார்.

"'மழை பெய்த மூன்றாம் நாள் மாலை, மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சிகள் எழும்.' ஆகா! மண்ணுக்குள்ளிருந்து எழும்! சபையோரே, நான் இருபத்திரண்டு வருஷமாகக் கடலைத் துறையில் இருக்கிறேன். இப்படி ஒரு வரி எங்கள் இலாகாவில் எவனாவது எழுதியிருப்பானா? எழுத மாட்டான்! எங்களவர்களுக்கு வெறும் புள்ளிவிவரம்தான் தெரியும். பூச்சியின் ஆன்மாவைக் காண ஒரு கலைஞன் தேவைப்படுகிறான்."

கலப்பைநாதன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் பூரிப்பில் கழுத்து சிவந்திருந்தது. அந்தப் பதினாறு பக்கத்தை அவர் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறார் என்பது எனக்கு நிச்சயம்.

மணியம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கியை விட்டுவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சாமி, நீங்க மல்லாட்ட ஆபீசருதானே? ஏக்கருக்கு எத்தினி பவுண்டு பொடி போடணும், சொல்லுங்க. புழு வெரலு மொத்தம் வந்துபூட்டுது."

கூட்டம் சிரித்தது. வெங்கடரமணனும் சிரித்தார்.

"பார்த்தீர்களா, கதையையும் வாழ்க்கையையும் பிரிக்க முடியாத நிலைக்கு இந்த அம்மாளை நாவல் கொண்டுபோய்விட்டது! அம்மா, இலக்கியத்தில் அளவு கேட்கக் கூடாது. ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டதுதான் அழகு. தங்கள் உள்ளம்தான் அதை நிரப்ப வேண்டும்."

"உள்ளத்த வெச்சிக்கினு நான் இன்னா சாமி பண்ணட்டும்?" என்றாள். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க, நான் கடசி பஸ்ஸப் புடிக்கணும்."

கைதட்டல் அதிர்ந்தது. அதற்குள் அவள் இறங்கி நடந்துவிட்டாள், தோளில் பொன்னாடையோடு. பதினான்காவது விதி அவளுக்குத் தெரியாது.

விழா முடிந்ததும் பியூன் படிகளை ஜீப்பில் ஏற்றத் தூக்கினான். ஒரு கட்டின் காகிதம் மிதிபட்டுக் கிழிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். 'வேர்க்கடலையும் கம்பளிப்பூச்சியும். எண்ணெய்வித்துப் பாதுகாப்பு வாரிய வெளியீடு. இலவசம்.' ஒன்றை உருவிப் பிரித்தேன். முதல் பதினாறு பக்கமும் கிணற்றடியில் கோகிலா. பதினேழாம் பக்கத்தின் முதல் வரியில் அளவு இருந்தது. அவள் அதன்மேல் கால் வைத்து ஏறி, அதன்மேல் கால் வைத்தே இறங்கிப் போயிருந்தாள். அந்த வாரியத்தின் ஆபீஸ் சித்தூரில் எங்கள் சபைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவள் வாசலில் வந்து நின்ற அன்றே நான் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் காலை புத்தூர் பஸ் ஏறினேன். சபை என்னை அனுப்பியது பொன்னாடையை வாங்கிவர. மடியில் அந்தத் துண்டுப் புத்தகம் இருந்தது.

விசாரித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஏக்கரில் முக்கால்வாசிக்கு இலையே இல்லை, நரம்பும் காம்பும்தான். செம்மயிர்ப் புழுக்கள் தரையே நகர்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. மணியம்மாவும் அவள் புருஷன் கருப்பனும் எங்கள் பொன்னாடையை இரண்டு பக்கமும் பிடித்து விரித்து, வேப்பங்குச்சியால் புழுக்களை அதில் தள்ளி, குழியில் கொட்டி மண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஜரிகைக் கரையெல்லாம் புழுமயிர். கருப்பனின் முழங்கை வரை தடித்து வீங்கியிருந்தது.

புத்தகத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுலயும் அந்தப் பொண்ணு வந்துக்கினு இருக்குதா?" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனாள். பதினேழில் நின்றாள். எழுத்துக்கூட்டி, புருஷனுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"'ஏக்கருக்கு இருபது பவுண்டு. முட்டை பொரிந்த பத்து நாளைக்குள் தூவ வேண்டும். அதன் பின் தூவிப் பயனில்லை.'"

கருப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவள் புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தாள்.

"இருவது பவுண்டுதானா?" என்றாள். "மூட்டையில அதுக்கு மேலயே கெடந்துது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் பொன்னாடையை உதறி மடித்தாள்.

"இத்த வாங்கிக்கினு போவத்தானே வந்தீங்க? நேத்தே பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு, இது திருப்பிக் குடுக்கற சாமான்னு. தொவச்சிக் குடுக்கட்டுமா சாமி?"

நான் அதைப் பார்த்தேன். நெசவுக்குள் ஆயிரக்கணக்கில் புழுமயிர் ஏறியிருந்தது. வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்மா, அப்படியே கொடு" என்றேன்.

கையில் படாமல் என் வேட்டி நுனியால் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். புரட்டாசியில் ரெட்டியார் கொல்லையை வேறொருவனுக்கு விட்டுவிட்டார். மணியம்மாவும் கருப்பனும் அவர் களத்துக்குப் பழையபடி கூலிக்குப் போனார்கள். சபைக்கு அவள் இன்னொரு படிவம் அனுப்பியிருந்தாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: 'பயன் பூச்சிக்கு.'

அடுத்த மாதம் சித்தூரில் விழா. வெங்கடரமணனுக்குப் பதவி உயர்வு வந்ததற்குப் பாராட்டு. நாகபூஷணமே தம் கையால் பொன்னாடையைப் போர்த்தினார். சபை நிதி வளம் பெற்றுவிட்டது என்று காட்டுவதற்காக, இம்முறை உடனே திருப்பி வாங்க வேண்டாம், பேசி முடிக்கும் வரை இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதிகாரி 'மண்ணும் நாவலும்' என்ற தலைப்பில் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் கழுத்தைச் சொறிந்தார். ஐந்தாவது வாக்கியத்தில் தோள். பிறகு வாக்கியங்கள் முடியவில்லை. கழுத்திலிருந்து காது வரை தடித்தது. போர்த்திய தலைவர் இரண்டு உள்ளங்கையையும் நாற்காலிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி உணர்ச்சிவசப்பட்டு உடலே நடுங்குகிறார் என்று முன் வரிசை கைதட்டியது.

மேடையை விட்டு என்னிடம் ஓடி வந்தார் வெங்கடரமணன். கண்ணில் தண்ணீர்.

"ஓய், இது என்ன அரிப்பு? இதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது, சார்" என்றேன். "அளவைத் தங்கள் உள்ளம்தான் நிரப்ப வேண்டும்."